ஜப்பான்காரருக்கு நான் செய்த திருத்தம்

விலை உயர்ந்த பொருளைப் பயந்த சுபாவம் உள்ளவர்களிடம் ஒப்படைக்கவே கூடாது. அலட்சியமான ஆள் என்றால் அதை ஒரு மூலையில் தள்ளிவிட்டு மறந்துவிடுவார். பொருள் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். பயந்தவர்கள் அதைக் கவனித்துக்கொள்வார்கள். கவனிப்பு தொடங்கிவிட்டால் அப்புறம் அந்தப் பொருளைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. (எங்கள் வீட்டில் துளசிச் செடிகள் எல்லாம் தண்ணீர் அதிகமாகித்தான் செத்திருக்கின்றன. காய்ந்து செத்ததாகச் சரித்திரமே கிடையாது.)

நாங்கள் இருப்பது மொன்றியலில், வில்லரே பகுதியில், மூன்று அடுக்கு வீடு ஒன்றின் நடு அடுக்கில். நான், கணவர் கார்த்திக், அப்போது இரண்டரை வயதான மகள் மித்ரா. கீழே யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்கா. மேலே மதாம் ஒடில். இந்த மதாம், பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன கார்டெரியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின், தலைவி. எனக்கு அவர் தலைவி மட்டுமல்ல, தலைவிதியும்கூட.

விஷயம் இதுதான். நான் சேலத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். கல்லூரியில் இரண்டாம் இடம். (முதலிடம் பிடித்தவன் இப்போது யூடியூபில் பிரியாணி செய்கிறான்.) கல்யாணம், கனடா, குழந்தை என்று வருடங்கள் ஓடியபின் கடைசியில் ஒரு கம்பெனி என்னை வேலைக்கு எடுக்கச் சம்மதித்திருந்தது. ஜனவரியில் சேர வேண்டும். சேர வேண்டுமானால் மித்ராவைப் பகலில் எங்கேயாவது விட வேண்டும். இந்த ஊரில் கார்டெரியில் இடம் கிடைப்பதற்குள் பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிடும் என்பது கார்த்திக்கின் கருத்து. மதாம் ஒடில் மித்ராவை வந்து பார்த்திருந்தார். மித்ரா என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பிரெஞ்சில் என்ன, எந்த மொழியிலும் ஒரு எழுத்துக்கூடச் சொல்லவில்லை. மதாம் “ம்ம்” என்றார். அந்த “ம்ம்”முக்கு அர்த்தம் கண்டுபிடிக்க முயன்று எனக்குத் தூக்கம் போயிற்று.

இந்த நிலையில்தான் ஒருநாள் மாடிப்படியில் மதாம் என்னை நிறுத்தினார். (அவர் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், இங்கே தமிழிலேயே தருகிறேன்.)

“என் வீட்டுத் தரையை இழைத்துப் புதுசாக்கப் போகிறார்கள். ஒரே தூசியாக இருக்கும். என்னிடம் ஜப்பானியப் பெட்டி ஒன்று இருக்கிறது. வேலை முடியும்வரை உங்கள் வீட்டில்…”

அவர் முடிப்பதற்குள் “வ்வி, வ்வி” என்று தலையாட்டிவிட்டேன். அன்று முழுக்க எனக்கு ஒரே குடைச்சல். இது உதவியா, லஞ்சமா? உதவிக்கும் லஞ்சத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பார்கள். மறுநாள் இரண்டு பேர் அந்தக் கோட்டின்மேல்தான் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பெட்டி என்று அவர் சொன்னது உண்மையில் ஒரு மாடிப்படி. ஆறு படிகள் ஏறி, எங்கள் வீட்டுச் சுவரில் முட்டி, எங்கும் போகாமல் நிற்கும் மாடிப்படி. ஜப்பானில் பழைய வீடுகளில் இடம் குறைவாம். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று படியையும் அலமாரியையும் ஒன்றாகவே செய்துவிட்டார்கள். ஒவ்வொரு படியின் வயிற்றிலும் இழுப்பறை, குட்டித் தள்ளுகதவு, கறுத்த இரும்புக் கைப்பிடி. பலகைகள் சேரும் இடத்தில் ஒரு ஆணி இல்லை. இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல் மரமே மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுப்பறைகள் ‘கிரி’ என்று ஒரு மரம். அப்பளம் மாதிரி லேசு. வெள்ளி கலந்த வெளிறிய நிறம். தடவிப் பார்த்தேன். உடனே கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி தடவிப் பார்த்தேன்.

மதாம் விதிகளைச் சொன்னார். ஈரத்துணி கூடாது. எண்ணெய் கூடாது. ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது. (ஓட்டை போடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. இதைப் பிற்பாடு கார்த்திக்கிடம் சட்டபூர்வமாக எடுத்துச் சொன்னேன், எடுபடவில்லை.)

என் கவனிப்பு தொடங்கியது. தினமும் ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து பூச்சி வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். பூச்சி எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். இலையுதிர் காலக் குளிருக்கே இந்த ஊரில் மனிதர்கள் வெளியே வருவது குறைந்துவிடும். ஆனால் என் பொறுப்பில் இருக்கும்போது வந்துவிட்டால்?

உயரமான பக்கத்தில் நான்கு இழுப்பறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒருநாள் சோதனை முடிந்து மேல் இழுப்பறையை மூடினேன். கீழ் இழுப்பறை தானாக வெளியே வந்தது.

சரி, நான்தான் சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று கீழே தள்ளினேன். மேலே இருந்தது வந்தது. மேலே தள்ளினேன். நடுவில் இருந்த ஒன்று, “என்னை யாரும் கேட்கவில்லையே” என்பதுபோல் மெதுவாக எட்டிப் பார்த்தது. கையால் ஒன்றையும் முழங்காலால் இன்னொன்றையும் அழுத்திக்கொண்டு நின்றபோது கார்த்திக் வந்தார்.

“என்ன வித்யா, யோகாவா?”

“என்னங்க, இது உடைஞ்சு போச்சு! ஒண்ணை மூடினா ஒண்ணு வருது!”

“மதாமுக்கு போன் பண்ணிக் கேளு.”

“என்னன்னு கேக்கறது? உங்க பெட்டியை வந்த வாரமே உடைச்சுட்டேன், அப்படியே எம்பொண்ணுக்கு ஒரு சீட் குடுங்கன்னா?”

கார்த்திக் லேப்டாப்பைத் திறந்து மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய எல்லா மீட்டிங்குகளும் இப்படித்தான் தொடங்குகின்றன.

அன்று மாலை மித்ரா கீழ் இழுப்பறைக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் மேல் இழுப்பறையைத் தள்ளியதும் கீழே இருந்தது வந்து அவள் மூக்கைத் தொட்டது. இடிக்கவில்லை, தொட்டது. அவள் சிரித்தாள். நான் அவளைப் பஸ்ஸோடு தூக்கி அப்பால் வைத்தேன். இன்றைக்கு மூக்கு, நாளைக்குக் கண்? இது பழுது மட்டுமில்லை, ஆபத்து!

அங்கேதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் எழுந்தாள். அவள் எழாமலே இருந்திருக்கலாம். இழுப்பறைகள் கூட்டுக்குள் அத்தனை நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. மயிரிழைகூட இடைவெளி இல்லை. ஒன்றை உள்ளே தள்ளும்போது பின்னால் இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை. அது போய் மற்ற இழுப்பறையைத் தள்ளுகிறது. அவ்வளவுதான்! பாவம், செய்த ஜப்பான்காரர் காற்றுப் போக ஒரு வழி வைக்க மறந்துவிட்டார். இத்தனை அழகாகச் செய்தவருக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லையே என்று அவருக்காக வருத்தப்பட்டேன். உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

சுகந்தி அக்கா வடை கொடுக்க வந்தவர், நான் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு வடைத்தட்டைக் கீழே வைத்தார்.

“என்னடி பிள்ளை இது? ஒண்டைச் சாத்த மற்றது வருது! உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?”

“இல்லக்கா, காத்து. ஏர் பிரஷர். பின் பலகையில சின்னதா ஒரு ஓட்டை போட்டா சரியாயிடும்.”

“ஓட்டையோ? மற்றாக்களின்ரை சாமானிலையோ?”

“வெளிய தெரியாதுக்கா. சுவர்ப் பக்கம்தானே. அவங்களுக்கே நல்லதுதான். குழந்தைங்க வந்து போற வீடு.”

“நீ படிச்சனீ, உனக்குத் தெரியும்,” என்றார் அக்கா. இந்த ஒரு வாக்கியத்தால் உலகத்தில் எத்தனை பாலங்கள் விழுந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. “என்ரை மனுசன்ரை ட்ரில் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்.”

வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருக்கிறது. ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளக் கூடாது. மித்ராவின் சுண்டுவிரலை அளந்து, அதைவிடச் சிறிய முனையைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின் பலகையில் பென்சிலால் குறி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு துளைத்தேன். அதுவும் கிரி மரம்தான், எதிர்ப்பே காட்டவில்லை. அத்தனை நல்ல மரம். விளிம்பை நகம் தேய்க்கும் அட்டையால் வழவழப்பாக்கினேன். அப்புறம் பூச்சி நினைவுக்கு வந்தது. டீ வடிகட்டியின் வலையில் ஒரு துண்டு வெட்டி ஓட்டையின்மேல் ஒட்டினேன். மித்ரா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பேசமாட்டாளே என்று நானும் பார்க்க விட்டேன்.

இழுப்பறையை மூடினேன். மற்றவை அசையவில்லை. பல நூறு வருடத்து ஜப்பானியத் தச்சு வேலையைச் சேலம் பொண்ணு ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிட்டாள்! அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வீடியோ காலில் மாமியார். கும்பகோணத்திலிருந்து அவருடைய கண் நேராக என் தோளுக்குப் பின்னால் போயிற்று.

“ஏம்மா, பின்னாடி என்ன, கொலுப்படியா? வாங்கினேன்னு சொல்லவே இல்லையே!”

“அது வந்து அத்தை…”

“மரத்துலயே பண்ணிருக்கான், என்ன அழகு! போன வருஷம் அட்டைப்பெட்டி அடுக்கினியே, எனக்கு மனசே ஆறல. இப்பதான் நிம்மதியாச்சு. ஆமா, ஆறு படி இருக்கே? ஒத்தப்படையில்ல இருக்கணும்?”

அது அடுத்தவர் பொருள், ஜப்பானியப் பெட்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமியார் அதற்குள் திரைக்கு வெளியே திரும்பி, “வித்யா மரப்படி வாங்கிட்டாளாம்!” என்று பக்கத்து அறைக்கு அறிவித்துவிட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். மதாமிடம் அனுமதி கேட்டு ஒரு குறுஞ்செய்தி எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், துணி விரித்து, ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில் பஞ்சுத்துணி வட்டம் ஒட்டி வைத்தால் கீறல் விழாது என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். முதல் படியாக ஒரு டயப்பர் அட்டைப்பெட்டியைச் சேர்த்து ஏழாக்கினேன். எல்லாவற்றையும் மூடி வெள்ளை வேட்டி. இழுப்பறைப் பக்கம் மட்டும் திறந்திருந்தது.

நவராத்திரியின் நடுவில் ஒரு சனிக்கிழமை. சுகந்தி அக்காவும் அவருடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மாமியார், மேசைமேல் சாய்த்துவைத்த போனில் பட்டுப்புடவையோடு ஆஜர். கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்து இறக்கியிருந்தேன். கதவு தட்டும் சத்தம்.

மதாம் ஒடில். வேலை முடியும்வரை வேறிடத்தில் தங்கியிருந்தவர், தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்து, வாசனை பிடித்து நடு அடுக்கில் நின்றுவிட்டார்.

“உள்ளே வரலாமா?” என்றவர், கொலுவைப் பார்த்து அப்படியே நின்றார். அவருடைய பெட்டியின்மேல் தசாவதாரம், மரப்பாச்சி, செட்டியார், செட்டியாரம்மா, அவர்கள் கடைக்குக் காவலாக மித்ராவின் பிளாஸ்டிக் போலீஸ்காரர். மதாம் கையை நெஞ்சில் வைத்தார். நான் மனசுக்குள் கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

“இருபது வருடமாக இதை வைத்திருக்கிறேன்,” என்றார் மதாம். “ஒரு பூச்சாடிகூட வைத்ததில்லை.” பிறகு, “நான் என்ன முட்டாள். படி என்றால் யாராவது ஏற வேண்டாமா? தெய்வங்களே ஏறியிருக்கிறார்கள்!”

எனக்கு உயிர் திரும்பியது. சுகந்தி அக்கா அவரை உட்காரவைத்துக் குங்குமம் வைத்துவிட்டார். மதாம் சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். “அந்த வெள்ளைக்காரம்மாவுக்குத் தேங்காய் நிறையப் போடு” என்று மாமியார் கும்பகோணத்திலிருந்து மேற்பார்வை செய்தார். பிறகு மதாம் என் பக்கம் சாய்ந்தார்.

“ஜனவரியில் எங்களிடமிருந்து ஒரு குழந்தை போகிறது. மித்ராவைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்…” நான் சுண்டல் கரண்டியைக் கீழே வைத்தேன். “அதற்கு முன்னால்,” என்று அவர் உற்சாகமாக எழுந்தார், “உங்கள் எல்லோருக்கும் ஒன்று காட்ட வேண்டும். இந்தப் பெட்டியின் மந்திரம்! நான் யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பார்க்கும்போது முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதற்காகத்தான்.”

எல்லோரையும் இழுப்பறைப் பக்கம் கூட்டினார்.

“ஒரு தச்சர் நல்லவரா என்பதை இதை வைத்துத்தான் அங்கே சொல்வார்கள். இழுப்பறை அத்தனை கச்சிதமாக இருக்க வேண்டும். காற்றுகூடத் தப்ப முடியாது. ஒன்றை மூடினால் காற்றே இன்னொன்றைத் திறக்கும். நான் இதை வாங்கியதே அதற்காகத்தான். பாருங்கள்!”

என் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

மதாம் மேல் இழுப்பறையை இழுத்து, மந்திரவாதியைப்போல் ஒரு விரலால் தள்ளினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவர் சிரித்தார். மறுபடி தள்ளினார். இழுப்பறை சமர்த்தாக மூடிக்கொண்டது. மற்றவை எல்லாம், நான் கற்றுக்கொடுத்தபடி, இருந்த இடத்தில் இருந்தன. சுகந்தி அக்கா சுண்டலில் தேங்காய்த் துண்டு ஒன்றைத் தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

“காற்றின் ஈரப்பதமோ?” என்றார் மதாம் தனக்குள். குரலில் இருந்த உற்சாகம் போய்விட்டது. “மரம் சுருங்கிவிட்டதோ? இத்தனை வருடம் ஒருநாளும்…”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் ஜனவரி போய்விடும் என்று மூடினேன். மறுபடி திறந்தேன். அப்போது பெட்டியின் ஓரத்திலிருந்து, மணி அடித்ததுபோல் தெளிவான ஒரு குரல்:

“மமான் அ ஃபே அன் த்ரூ.”

அம்மா ஒரு ஓட்டை போட்டாள். என் மகள் தன் வாழ்க்கையில் முதல்முதலாகப் பேசிய முழு பிரெஞ்சு வாக்கியம். (குழி தோண்டும் எலி ஒன்று வரும் கார்ட்டூனைத் தினமும் பிரெஞ்சில் போட்டுவிட்டது நான்தான். மொழி வளர்ச்சிக்காக.)

“த்ரூ?” என்றார் மதாம்.

மித்ரா உதவும் மனப்பான்மையோடு அவர் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போனாள். மதாம் கன்னத்தைச் சுவரில் அழுத்தி, போன் வெளிச்சத்தை இடுக்கில் அடித்தார். சரியாகத் தெரியவில்லை என்று பெட்டியை நகர்த்தப் பார்க்க, மேல்படியில் கூர்மாவதாரம் ஆடியது.

“கொலுவை நடுவுல கலைக்கக் கூடாது! வித்யா, அவங்ககிட்ட சொல்லு!” என்று மேசையிலிருந்து மாமியார் அலறினார்.

“அத்தை, கொஞ்சம் இருங்க…”

“ஏன் பின்னாடி போறாங்க? எலியா?”

“நான் ட்ரில் மட்டுந்தான் குடுத்தனான்,” என்று சுகந்தி அக்கா யாரும் கேட்காமலே அறைக்குப் பொதுவாகச் சொன்னார். “ஓட்டையைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை.”

மதாம் இடுக்கிலிருந்து தலையை எடுத்தார். கன்னத்தில் சுண்ணாம்பு, நெற்றியில் குங்குமம்.

“அதன்மேல் வலை போட்டிருக்கிறது,” என்றார் மெதுவாக.

“பூச்சி வராமல் இருக்க,” என்றேன். அழுகையும் வந்துவிட்டது. மூக்கு, ஆபத்து, காற்று, இன்ஜினியரிங், இரண்டாம் இடம், எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் கொட்டினேன். உடைந்துவிட்டது என்று நினைத்தேன், சொன்னால் சீட் கிடைக்காது என்று பயந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். மதாம் முழுவதையும் கேட்டார். பிறகு தன் சுண்டல் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் நான் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. கம்பெனிக்கு எப்படி மறுப்புச் சொல்வது என்று கார்த்திக்கிடம் ஒத்திகை பார்த்தேன். விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுத்துவைத்த அன்று மதாம் பெட்டியை எடுக்க ஆட்களோடு வந்தார். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். நான் ஓட்டையை அடைத்துத் தருவதாகச் சொன்னேன்.

“நீங்கள் இனி அதைத் தொடவே கூடாது,” என்றார். பிறகு, “மித்ராவை ஜனவரியில் கொண்டுவந்து விடுங்கள்.”

நான் நம்பாமல் பார்த்தேன்.

“இந்தக் குழந்தைக்குப் பேச்சு வருமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுவாய், வினை, செயப்படுபொருள், எல்லாம் சரியான இடத்தில் வைத்துச் சொன்னாள். விஷயமும் உண்மை. இதற்கு மேல் என் கார்டெரியில் என்ன கற்றுக்கொடுக்கப் போகிறேன்?” கதவருகே திரும்பினார். “கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்கு நாளாகும்.”

நாளாயிற்று. தீர்ந்ததா என்று இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் ஓட்டையை அடைக்கவில்லை, வலையைக்கூட எடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் விஷயம் கும்பகோணம், சேலம், பெங்களூர் என்று அன்றைக்கே பரவிவிட்டது. குக்கர் விசில் அடிக்கத் தாமதித்தால் மாமியார், “வித்யாவை விட்டு ஒரு ஓட்டை போடச் சொல்லு” என்கிறார். சுகந்தி அக்கா ட்ரில்லைப் பூட்டி வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் நவராத்திரிக்கு மதாமின் வீட்டில்தான் கொலு. அவரே கேட்டுக்கொண்டது. பொம்மைகளை மித்ராவும் அவரும் வைப்பார்கள்; நான் எதிர்ச்சுவரோரம் ஒரு நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பேன். விருந்தாளிகள் வந்ததும் மதாம் அவர்களை இழுப்பறைப் பக்கம் கூட்டிப்போய், பழைய உற்சாகத்தோடு ஒரு விரலால் தள்ளிக்காட்டுவார். எல்லோரும் ஆவலாகக் காத்திருப்பார்கள். ஒன்றும் வராது. அவர் திரும்பி என் பக்கம் கையை நீட்டுவார். முன்பு அந்த இழுப்பறையைத் தள்ளினால் இன்னொரு இழுப்பறை வெளியே வரும். இப்போது தள்ளினால் என் கதை வெளியே வருகிறது.